மறந்ததா, இல்லாததா? சறுக்கு இழைக் கோட்பாட்டின் முன்வரலாறு குறித்து

தசைச் சுருக்கம் பற்றிய இன்றைய புரிதல் 1954 மே 22 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில், 971ஆம் பக்கம் முதல் அடுத்தடுத்து அச்சான இரண்டு சிறு கட்டுரைகளில் தொடங்குகிறது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. முதலாவது ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ரோல்ஃப் நீடர்கெர்கேயும் எழுதியது. இரண்டாவது ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் எழுதியது. இரு ஹக்ஸ்லிகளும் உறவினர் அல்லர். பெயர் ஒற்றுமை தற்செயலானது. வரித்தசை சுருங்கும்போது ஏ பட்டையின் நீளம் மாறவில்லை, ஐ பட்டைதான் குறுகுகிறது. எனவே இழைகள் மடங்குவதில்லை, ஒன்றின் இடையே மற்றொன்று சறுக்கிச் செல்கிறது. இரண்டு கட்டுரைகளும் வந்து சேர்ந்த இடம் இதுதான். தகராறு, அதற்கு முந்தைய எண்பது ஆண்டுகளை எப்படிப் படிப்பது என்பதில் இருக்கிறது.

அந்த எண்பது ஆண்டுகளுக்கு இன்று வழக்கிலுள்ள கதையைச் சொன்னவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியே. குறுக்குப் பாலங்களின் கணிதத்தை முன்வைத்த 1957ஆம் ஆண்டின் நீண்ட கட்டுரையில் பழைய நுண்ணோக்கி ஆய்வுகளை அவர் எடுத்துப் பேசினார். 1980இல் வெளிவந்த ‘ரிஃப்ளெக்ஷன்ஸ் ஆன் மசில்’ என்ற நூலில் அதையே விரித்தார். அவர் வாசிப்பின் சாரம் இது: பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இருந்த நுண்ணோக்கியாளர்கள் ஏ பட்டை மாறாதிருப்பதைக் கண்டிருந்தார்கள், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அந்த அறிவு தொலைந்துபோயிற்று, 1950களில் அது மீட்கப்பட்டது. அறிவியல் எப்போதும் முன்னோக்கியே நடப்பதில்லை என்பதற்கு அவர் காட்டிய சான்று இது. இத்துறையின் முன்னுரைகளில் அது கேள்வியின்றி வழங்கிவருகிறது.

கேள்வி எழாததற்குக் காரணம் உண்டு. சொன்னவர் கண்டுபிடிப்பாளர்களில் ஒருவர். நரம்புத் துடிப்பு ஆய்வுக்காக 1963இல் நோபல் பரிசு பெற்றவர். தன் நுண்ணோக்கியைத் தானே வடிவமைத்த அளவுக்கு ஒளியியல் தெரிந்தவர். எல்லாவற்றுக்கும் மேலாக, மற்றவர்கள் பெயரளவில் அடிக்குறிப்பில் போட்டுவிட்டுப் போன ஜெர்மன் கட்டுரைகளை உண்மையாகவே படித்தவர். அந்தப் படிப்பின் மேல் எனக்கு மதிப்புண்டு. ஆனால் ஒன்று தொலைய வேண்டுமானால் முதலில் அது கையில் இருந்திருக்க வேண்டும். 1870களில் கையில் இருந்தது எது என்பதை அவர் தம் காலத்து வெளிச்சத்தில் பார்த்தார் என்பதே என் வாதம்.

முதலில் வில்ஹெல்ம் கிரவுசே. 1869இல் இவர் முன்வைத்த படத்தில் ஒவ்வொரு தசைக் கூறும் இரு முனைகளிலும் சவ்வு அடைத்த ஒரு சிறு பெட்டி. பெட்டியின் நடுவே குறித்த நீளமுள்ள நுண்கோல்கள் கட்டாக நிற்கின்றன. இரு முனைகளிலும் திரவம் இருக்கிறது. தசை சுருங்கும்போது முனைகளில் உள்ள திரவம் கோல்களின் இடைவெளிகளுக்குள் போய்விடுகிறது; சவ்வுகள் கோல்களை நெருங்குகின்றன; கோல்களின் நீளம் மாறுவதில்லை. இதைப் படிக்கும் இன்றைய வாசகர் திடுக்கிடுவது இயல்பு. கோல்களை மயோசின் இழைகள் என்றும் சவ்வை இசட் கோடு என்றும் மாற்றி எழுதினால் 1954ஆம் ஆண்டின் படத்தில் பாதி வந்துவிடுகிறது. வராத பாதிதான் முக்கியம். கிரவுசேயின் பெட்டியில் கோல்களுக்கிடையே நுழைவது திரவம். திரவம் எதையும் இழுக்காது. விசை எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு அந்தப் படத்தில் இடமே இல்லை.

தியோடர் எங்கல்மான் 1873இல் அந்தக் கேள்விக்கு ஒரு விடை வைத்தார். எர்ன்ஸ்ட் புரூக்கே 1858இல் முனைவாக்கப்பட்ட ஒளியைக் கொண்டு இரட்டை விலகல் உள்ள ஏ பட்டையையும் இல்லாத ஐ பட்டையையும் பிரித்துக் காட்டியிருந்தார். எங்கல்மான் அந்தக் கருவியோடு பூச்சித் தசைகளைப் பார்த்தார். அவருடைய முடிவின்படி இரட்டை விலகல் உள்ள பகுதி, கடற்பஞ்சு நீரை வாங்குவதுபோல, பக்கத்துப் பகுதியிலிருந்து நீரை உறிஞ்சி உப்புகிறது, உப்புவதே சுருக்கம். கூறின் மொத்தக் கன அளவு மாறுவதில்லை, ஐ பட்டை இழப்பதை ஏ பட்டை பெறுகிறது. கவனிக்க: இந்தக் கோட்பாட்டில் ஏ பட்டை செயலற்று நிற்கும் கோல் கட்டு அல்ல, மாற்றம் நிகழும் இடமே அதுதான். கிரவுசேயும் எங்கல்மானும் ஒரே தலைமுறையினர், ஒரே வகைக் கருவியினர். ஆனாலும் இருவரையும் ஒரே ‘அறிவு’க்குச் சாட்சியாக நிறுத்த முடியாது.

மூன்றாவது சாட்சி இன்னும் சங்கடமானவர். ஃப்ரீட்ரிக் மெர்க்கல் 1872இல் வரிகள் தலைகீழாவதைப் பதிவு செய்தார். தளர்ந்த தசையில் கூறின் நடுவே இருக்கும் அடர்ந்த பொருள், சுருங்கிய தசையில் இரு முனைகளுக்குப் போய்விடுகிறது. இடையில் வரிகளே தெரியாத ஒரு கட்டமும் இருக்கிறது என்றார் அவர். இதை வெறும் பார்வைப் பிழை என்று தள்ளுவது எளிது. சாதாரண நுண்ணோக்கியில் குவியத்தைச் சற்று ஏற்றி இறக்கினாலே கருவரி வெண்வரியாகவும் வெண்வரி கருவரியாகவும் மாறும் என்பது வரித்தசையைப் பார்த்த எவருக்கும் தெரியும். ஆனால் மெர்க்கல் கண்டதில் ஒரு பகுதி உண்மை. கூறு ஏ பட்டையின் நீளத்துக்கும் கீழே சுருங்கும்போது, தடித்த இழைகளின் நுனிகள் இசட் கோட்டில் முட்டி நெருங்கி அங்கே ஒரு புதிய அடர்பட்டை தோன்றுகிறது. ஹான்சனும் ஹியூ ஹக்ஸ்லியும் முயலின் தசை நுண்ணிழைகளில் ஏடிபி சேர்த்து இதையே கண்டார்கள்: முதலில் ஐ பட்டை மறைகிறது, பிறகு இசட் கோட்டில் சுருக்கப் பட்டை எழுகிறது.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும், ஏனெனில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியின் வாசிப்பு இங்கேதான் தளர்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டினர் பெரும்பாலும் பார்த்தது உயிருள்ள இழையை அல்ல; சுருக்க அலை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆல்கஹால் போன்ற திரவத்தில் பதப்படுத்தப்பட்ட பூச்சித் தசையை. அத்தகைய ஒரே இழையில் ஒரு முனையில் தளர்ந்த கூறுகளும் மறுமுனையில் முழுக்கச் சுருங்கிய கூறுகளும் நடுவே எல்லாக் கட்டங்களும் வரிசையாக உறைந்து கிடக்கும். அற்புதமான பொருள்தான். ஆனால் அதில் எந்தக் கூறைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து மூன்று விடைகள் கிடைக்கும். மிதமாகச் சுருங்கிய கூறைப் பார்த்தவருக்கு ஏ பட்டை மாறவில்லை. ஐ பட்டை மறையும் கட்டத்தைப் பார்த்தவருக்கு வரிகளே இல்லை. கடைசிக் கட்டத்தைப் பார்த்தவருக்கு வரிகள் தலைகீழ். மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. எது விதி, எது விதிவிலக்கு என்று தீர்க்க அன்றைக்கு எந்த அளவுகோலும் இல்லை. இழைகளுக்கு ஒரு நீளம் உண்டு, அந்த நீளத்தை எட்டிய பிறகு வேறொன்று நிகழ்கிறது என்று ஏற்கெனவே தெரிந்தவரால் மட்டுமே மூன்றையும் ஒரே தொடராகப் படிக்க முடியும். 1954க்குப் பிறகு வந்தவர்கள் கிரவுசேயைத் தேர்ந்தெடுத்து மெர்க்கலைத் தள்ளுவது அந்த முன்னறிவின் பயன்.

அளவையும் பார்க்கலாம். முதுகெலும்பிகளின் தசையில் 2.5 மைக்ரோமீட்டர் நீளமுள்ள ஒரு கூறு 2.0 மைக்ரோமீட்டராகச் சுருங்கினால், ஏ பட்டை 1.5 மைக்ரோமீட்டராகவே நிற்க ஐ பட்டை 1.0இலிருந்து 0.5க்கு இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமே ஏறத்தாழ 0.5 மைக்ரோமீட்டர். அளக்க வேண்டிய மாற்றம் முழுவதும் கருவியின் எல்லையில் நிற்கிறது. தவளையின் ஒற்றை இழை பல நுண்ணிழைகளின் தடித்த கட்டு. கட்ட வேறுபாட்டு நுண்ணோக்கியில் அத்தகைய தடித்த பொருளின் விளிம்புகளைச் சுற்றி ஒளிவட்டம் படிந்து அகலத்தை நம்ப முடியாமல் செய்துவிடும். இதைத் தாண்டுவதற்காகத்தான் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி தனியே ஒரு குறுக்கீட்டு நுண்ணோக்கியை உருவாக்கினார். தான் இவ்வளவு பாடுபட்டு நிறுவியதை எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே ‘தெரிந்த’ ஒன்றாக அவர் சொல்லும்போது அதில் பெருந்தன்மை இருக்கிறது. அந்தப் பெருந்தன்மைதான் வரலாற்றைச் சற்றுச் சாய்த்துவிட்டது.

அவருக்கு எதிராக நான் வைக்கும் வலுவான சான்று ஆங்கிலத்திலிருந்து வருகிறது. எட்வர்ட் ஷேஃபர் 1891இல் பூச்சிகளின் சிறகுத் தசையை ஆராய்ந்து, ஏ பட்டையின் பொருளில் நீளவாக்கில் நுண்துளைகள் உள்ளன, அவை இசட் கோட்டை நோக்கித் திறந்தும் நடுவில் மூடியும் இருக்கின்றன, சுருங்கும்போது ஐ பட்டையின் தெளிந்த பொருள் அத்துளைகளுக்குள் புகுந்து ஏ பட்டையை உப்பச் செய்கிறது என்றார். துளைகளுக்குப் பதிலாக இழைகளுக்கிடையிலான வெளி, தெளிந்த பொருளுக்குப் பதிலாக ஆக்டின் என்று போட்டால் மீண்டும் அந்தத் திடுக்கிடல். இது யாரும் புரட்டாத ஆய்விதழ் ஒன்றில் புதைந்து கிடந்த கருத்து அல்ல. ஷேஃபரின் திசுவியல் பாடநூல் 1885இல் முதலில் வெளிவந்து, இருபதாம் நூற்றாண்டிலும் பதிப்பின் மேல் பதிப்பாக மாணவர்களிடம் புழங்கிய நூல். ஐ பட்டையிலிருந்து ஏதோ ஒன்று ஏ பட்டைக்குள் போகிறது என்ற எண்ணத்தை அந்தத் தலைமுறை மறந்திருக்க வழியில்லை. போவது திரவம் என்று நம்பியதால் அந்த எண்ணம் எங்கும் கொண்டுபோகவில்லை, அவ்வளவுதான்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியை மறதியின் காலம் என்று சொல்வதும் இதனால் பொருந்தவில்லை. அன்றைக்கு இருந்தது வேறொரு நியாயமான எண்ணம். வரி இல்லாத தசையும் சுருங்குகிறது. எனவே வரிகள் சுருக்கத்தின் சாரம் அல்ல. புரதம் என்பது நீண்ட சங்கிலி. அது மடங்கினால் குறுகும். லீட்ஸ் நகரில் வில்லியம் ஆஸ்ட்பரி கம்பளியின் கெரட்டினை எக்ஸ்-கதிரால் ஆராய்ந்து, மயோசினும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது, கெரட்டினைப் போலவே மடங்கிச் சுருங்கக்கூடியது என்றார். சங்கிலி மடங்குகிறது என்று கொண்டால் பட்டைகளின் அகலத்தை அளப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை. ஆற்றல் பற்றிய ஆய்வும் கட்டமைப்பை நாடாமலேயே முன்னேறிக்கொண்டிருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து ஹார்வர்டுக்குச் சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ், சைரஸ் ஃபிஸ்கேயோடு சேர்ந்து 1927இல் பாஸ்போகிரியேட்டினையும் 1929இல் ஏடிபியையும் தசையிலிருந்து பிரித்தறிந்தார். ஏடிபியை அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் கண்டார். இந்த வேலை எதற்கும் ஏ பட்டையின் நீளம் தேவைப்படவில்லை. 1939இல் எங்கல்ஹார்ட்டும் லியுபிமோவாவும் ஏடிபியை உடைப்பது மயோசினே என்று காட்டியபோதும் அதே நிலைதான்.

கருவி வளர்ந்ததும் கண் திறந்துவிட்டதா என்றால் அதுவும் இல்லை. 1946இல் ஹால், ஜேக்கஸ், ஷ்மிட் மூவரும் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வரித்தசையைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது ஏ, ஐ இரண்டு பட்டைகளையும் ஊடுருவித் தொடர்ந்து ஓடும் ஒரே வகை இழை. ஒளி நுண்ணோக்கியை எத்தனையோ மடங்கு விஞ்சிய கருவி, தவறான படத்தையே இன்னும் தெளிவாகக் காட்டியது. ‘நல்ல கவனிப்பு தொலைந்தது, பிறகு மீண்டது’ என்ற கதையில் இந்த 1946க்கு இடம் இல்லை.

என் கருத்தில் இல்லாமற்போனது கவனிப்பு அல்ல, இரண்டாவது இழை. அதன் பொருள் 1942இல் ஹங்கேரியின் செகெட் நகரில் கிடைத்தது. ஆல்பர்ட் சென்ட்-ஜியோர்ஜியின் ஆய்வகத்தில் இலோனா பங்கா, சிறிது நேரம் ஊறவைத்து எடுத்த மயோசினும் இரவு முழுதும் ஊறவைத்து எடுத்த மயோசினும் வேறு வேறாக நடந்துகொள்வதைக் கண்டார். இரண்டாவதில் கலந்திருந்த புரதத்தை புரூனோ ஸ்ட்ராப் பிரித்து எடுத்தார். அதுதான் ஆக்டின். இரண்டும் சேர்ந்த நூலிழையில் ஏடிபி பட்டதும் அது சுருங்கியது. ஆனால் இங்கும் ஒரு எச்சரிக்கை வேண்டும். என் வாதத்துக்கு எதிராக ஒருவர் கேட்கலாம்: இரண்டாவது பொருள் 1942இலேயே கிடைத்துவிட்டதென்றால் சறுக்கல் ஏன் பதினொரு ஆண்டு காத்திருந்தது? போர் என்று விடை சொல்வது சோம்பேறித்தனம். இரண்டு பொருள் இருப்பது வேறு, அவை இரண்டு இடங்களில் இருப்பது வேறு. செகெட்டின் நூலிழையில் ஆக்டினும் மயோசினும் ஒன்றாகக் கலந்து கிடந்தன. அதைப் பார்த்து இடம் பற்றிய கேள்வி எழாது.

இடம் தெரிந்தது 1953இல். கேம்பிரிட்ஜில் எக்ஸ்-கதிர் வழியாகத் தசையை ஆராய்ந்த ஹியூ ஹக்ஸ்லி, அமெரிக்காவில் எம்ஐடியில் ஷ்மிட்டின் ஆய்வகத்துக்குச் சென்று, தசையின் மெல்லிய குறுக்குவெட்டில் தடித்த இழைகளும் அவற்றின் நடுவே மெல்லிய இழைகளும் அறுகோண ஒழுங்கில் நிற்பதை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். லண்டன் கிங்ஸ் கல்லூரியிலிருந்து அங்கே வந்திருந்த ஜீன் ஹான்சனும் அவரும் நுண்ணிழைகளிலிருந்து மயோசினைக் கரைத்தெடுத்தபோது ஏ பட்டையின் அடர்த்தி போய்விட்டது; ஆக்டின் எஞ்சியது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் ஹாசல்பாஹும் அதே ஆண்டில் தனியே இதைக் கண்டார். 1953 செப்டம்பரில் ‘நேச்சர்’ வெளியிட்ட ஹான்சன் – ஹக்ஸ்லி கட்டுரை வரிகளின் கட்டமைப்பைச் சொல்கிறது. சறுக்கலை ஒரு கோட்பாடாக அது முன்வைக்கவில்லை. கட்டமைப்பை மட்டும் இப்போது வெளியிடுங்கள், விளக்கம் பிறகு வரட்டும் என்ற ஷ்மிட்டின் அறிவுரையை ஹியூ ஹக்ஸ்லி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

இப்போது 1954இன் முதல் கட்டுரைக்கு வரலாம். ஹக்ஸ்லி – நீடர்கெர்கே கட்டுரையின் இறுதிப் பகுதியில் மூன்று அடுக்குகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துப் படித்தவர்கள் குறைவு. ஏ பட்டையின் பொருள் குறித்த நீளமுள்ள நுண்கோல்களாக இருக்கிறது என்ற கருத்து கிரவுசேயின் 1869 கருத்து என்று முதலில் வெளிப்படையாகச் சொல்கிறார்கள். அந்தப் பொருள் மயோசின் என்று அடையாளம் காணப்பட்டதையும், ஆக்டின் என்று கருதத்தக்க இழைகள் ஐ பட்டை வழியாக ஏ பட்டைக்குள் நீள்வதையும் கொண்டு, ஆக்டின் இழைகள் மயோசின் கோல்களுக்கிடையே இழுக்கப்படுகின்றன என்ற ஊகத்துக்கு அடுத்து வருகிறார்கள். பிறகு ஓர் அடைப்புக்குறி: இந்தப் பார்வையைத் தாங்களும் ஹியூ ஹக்ஸ்லி – ஹான்சன் இணையும் 1953 கோடையில் தனித்தனியே அடைந்ததாக அது சொல்கிறது.

முதல் அடுக்கு கிரவுசேக்கு எதைக் கொடுக்கிறது? கோல்களையும் அவற்றின் மாறா நீளத்தையும். சறுக்கலை அல்ல. இரண்டாம் அடுக்கின் அடித்தளம் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியின் குறுக்கீட்டு நுண்ணோக்கியிலிருந்து வந்ததன்று; ஒளியின் தாமதத்தை அளக்கும் கருவியால் ஒரு பட்டையில் இருப்பது மயோசினா வேறொன்றா என்று சொல்ல முடியாது. கரைத்தெடுத்தவர்களும் எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்காரர்களும் தந்தது அது. ஆக, 1954இல் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியே கோட்டைச் சரியான இடத்தில் கிழித்திருந்தார்: கிரவுசே வரை ஒன்று, அதற்கு மேல் வேறொன்று. 1980இன் நூலில் அழுத்தம் முதல் அடுக்கின் மேல் நகர்ந்துவிடுகிறது. மற்ற இரண்டும் அதன் இயல்பான விளைவுகள்போல் ஆகிவிடுகின்றன. நான் ஏற்க மறுப்பது இந்த நகர்வை மட்டுமே.

அது ஏன் நகர்ந்தது என்பதற்கு என்னிடம் இருப்பது ஊகம், ஆனால் வலிய ஊகம் என்றே நினைக்கிறேன். உயிருள்ள இழையை ஒளியில் பார்த்து, ஏ பட்டை மாறாததைக் கண்டு, அதிலிருந்து சறுக்கலுக்கு வந்தவர் ஆண்ட்ரூ ஹக்ஸ்லி. அந்த வழியில் பின்னோக்கி நடந்தால் கிரவுசேயும் எங்கல்மானும் வருவார்கள். அவர்களுக்கும் தனக்கும் நடுவே உள்ள வெற்றிடம் மறதியாகத் தெரியும். ஹியூ ஹக்ஸ்லியும் ஹான்சனும் வந்த வழி வேறு: எக்ஸ்-கதிர், குறுக்குவெட்டு, கரைத்தெடுத்தல். அதில் பின்னோக்கி நடந்தால் செகெட்டும், எதிர்த்திசையில் நின்ற ஆஸ்ட்பரியும் வருவார்கள், 1870கள் வருவதில்லை. அந்த வழியில் எதுவும் தொலையவில்லை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. ஒரே இதழில் அடுத்தடுத்து அச்சானதால் இரண்டு கட்டுரைகளுக்கும் ஒரே முன்வரலாறு இருப்பதாக எண்ணிவிட்டோம்.

அடைப்புக்குறியின் ‘கோடை’யைப் பொறுத்தவரை, ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் ஹியூ ஹக்ஸ்லியும் அந்தக் காலகட்டத்தில் வுட்ஸ் ஹோலில் சந்தித்துத் தங்கள் முடிவுகளை ஒப்பிட்டுக்கொண்டார்கள். சந்திப்புக்கு முன்பே இரு தரப்பும் தனித்தனியே முடிவுக்கு வந்திருந்தன என்பதைத்தான் அந்த அடைப்புக்குறி உறுதிப்படுத்த முயல்கிறது. எந்த மாதம், எந்தத் தரப்பு முதலில் என்பதை அச்சான கட்டுரைகளிலிருந்து பிரித்தெடுக்க முடியாது: செப்டம்பர் கட்டுரை விளக்கத்தை வேண்டுமென்றே நிறுத்திவைத்தது, மே கட்டுரைகளோ ஒன்றாக வெளியிடப்பட்டவை. ‘1953 கோடை’ என்பதற்கு மேல் நுட்பமான தேதி ஒன்றை வைத்து முந்துரிமை பேசுபவர்கள் சம்பந்தப்பட்டவர்களின் பிற்கால நினைவை நம்பியே பேசுகிறார்கள்.

ஒன்று மட்டும் அந்தத் தேதியைச் சாராமல் நிற்கிறது. இழைகள் ஒன்றின் மேல் ஒன்று படியும் பகுதியில் ஒவ்வொரு புள்ளியும் தனித்தனியே விசையை உண்டாக்கினால், இழுவிசை அந்தப் படிவின் நீளத்துக்கு ஏற்ப அமைய வேண்டும் என்று 1954ஆம் ஆண்டின் முதல் கட்டுரை சொல்லியிருந்தது. 1966இல் கார்டன், ஆண்ட்ரூ ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் தவளை இழையில் இதை அளந்தார்கள். கூறு 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கும்போது இழுவிசை உச்சத்தில் நிலைத்து, அதற்கு மேல் நேர்கோட்டில் இறங்கி, 3.65 மைக்ரோமீட்டர் அளவில் இல்லாமற்போயிற்று. தடித்த இழையும் மெல்லிய இழையும் விலகி, படிவே இல்லாமற்போகும் நீளம் அது. கிரவுசேயின் திரவத்துக்கோ எங்கல்மானின் உப்பலுக்கோ இந்த எண்ணை முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.